அணைத்த பிறகும் இருந்த கரண்டு

“கரண்டைத் தொட்டுப் படிக்க நீ என்ன ஆம்பளையா?” என்று சித்தப்பா சிரித்தார். வில்லாபுரத்தில் எங்கள் குடும்பத்திலிருந்து முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். அந்தக் கர்வத்தில், என்னைவிடக் கெட்டிக்காரியான வகுப்புத் தோழி ஜைனப்பைக் கண்டாலே எனக்கு எரியும்.

அன்று ஆய்வுக்கூடத்தில் மின்னழுத்தத்தைத் திரையில் அலையாகக் காட்டும் ஆசிலாஸ்கோப்பை வைத்து ஆயிரம் வோல்ட்டை அளந்து, அவளே முதலில் முடித்தாள். அவளை எட்டிப் பிடிக்கும் வேகத்தில் நான் சுவிட்சை அணைத்ததுமே கம்பியைக் கழற்றக் கை நீட்டினேன்.

ஜைனப் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். “அவசரத்துக்குப் பொறந்தவளே! கண்டென்சர்ல அம்புட்டுக் கரண்டும் அப்படியே நிக்குதுடி!” மரப்பிடி போட்ட எர்த் கம்பியால் அவள் கண்டென்சரைத் தொட்டாள். பட்டென்று நீலப்பொறி வெடித்தது.

உயிர் தப்பிய அந்த நொடியிலும், நான் மறந்தது இவளுக்கு நினைவிருந்ததே என்று பொறாமைதான் வந்தது. அது இன்னும் போகவில்லை. ஆனாலும் மறுநாளே ஆசிரியரிடம் என் தவறைச் சொல்லி, ஜைனப்பின் மேசைக்கே மாறிவிட்டேன்.