பெரியப்பாவின் பெயரில் உள்ள ஒரு குற்றம்

என் பிள்ளைகளுக்கும், பெரியப்பாவின் முதலாண்டு நினைவுக்கு வந்து இந்த நினைவு மலரை வாங்கும் உறவினருக்கும் வணக்கம். பெரியப்பாவின் தம்பியான நான் எட்டாம் வகுப்போடு ஏர் பிடிக்கப் போனவன். எழுத மதினிதான் தகுந்தவர்கள். கேட்டதற்கு, "நீங்களே எழுதுங்க கொழுந்தனாரே, உங்களுக்குத்தான் அவுகளைப் பத்தி எல்லாம் தெரியும்" என்றார்கள். அந்த 'எல்லாம்' என்னைத் தூங்கவிடவில்லை.

பெரியப்பா இலத்தூரில் பிறந்தார்கள். எங்கள் தகப்பனார் சீக்கிரமே போய்விட்டதால், தென்காசிக்கு நடந்தே போய்ப் படித்து, அங்கே ஒரு சர்க்கார் ஆபீசில் ரிக்கார்டு கீப்பராகச் சேர்ந்தார்கள். ஊர்களின் பழைய வரைபடங்கள், குளத்து மடைகளின் முறை, பாதை, புறம்போக்கு எல்லாம் கட்டுக்கட்டாக அவர்கள் பொறுப்பில் இருந்தன. செங்கோட்டைப் பக்கம் நம் மாநிலத்தோடு சேர்ந்தபோது மலையாளக் காகிதங்கள் வண்டி வண்டியாக வந்திறங்கின.

"இதை யாரு வாசிக்கப் போறா? கழிச்சுப் போடுங்க அண்ணாச்சி" என்று கூட இருந்தவர்கள் சிரித்தார்களாம். பெரியப்பா ஒரு டீக்கடைக்காரரிடம் மலையாள எழுத்துப் படித்து, அத்தனை கட்டுக்கும் தமிழில் பெயர் எழுதி ஒட்டினார்கள். செல்லரிக்காமலிருக்க வீட்டிலிருந்து வசம்பு கொண்டுபோய் இடையிடையே வைப்பார்கள். "பெத்த பிள்ளைக்குக்கூட இவுக இம்புட்டு வசம்பு உரசுனதில்ல" என்பார்கள் மதினி.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

நம் வயலின் மேற்கோரத்தில், தெற்குத் தெருவார் சுடுகாட்டுக்குப் போகும் பாதை ஒன்று இருந்தது. வருஷத்துக்கு ஒரு சாலாக உழுது உழுது அதை வயலோடு சேர்த்துவிட்டேன். மழைக்காலத்தில் அவர்கள் பாடையை ஓடைத் தண்ணீரில் இடுப்பளவு இறங்கித் தூக்கிப் போனார்கள். நான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கடைசியில் அந்தத் தெரு மாடசாமி, பாதை குறித்த பழைய வரைபடத்துக்கு நகல் கேட்டு பெரியப்பாவின் ஆபீசில் மனுப் போட்டார்.

நான் ஓடினேன்.

"அண்ணே, அந்தப் படத்தைக் காணலைன்னு எழுதிருங்க."

"இருக்குதேலே. எப்படிக் காணலைன்னு எழுத?"

"ஒரு காயிதத்துக்காகக் கூடப்பிறந்தவனைக் கைவிடுதீங்களா?"

"உன் வயலைக் காட்டுததும் அதே காயிதம்தாம்லே. பேசாம வீட்டுக்குப் போ."

மறுநாள் மதினியிடம் மதியச் சாப்பாட்டை நானே வாங்கிக் கொண்டுபோனேன். நகல் எடுப்பதற்காக வரைபடத்தை மேசையில் எடுத்து வைத்திருந்தார்கள். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ வெளியே போன நேரத்தில் அதைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். திரும்பி வந்தவர்கள், "புளிக்குழம்பு ஒண்ணாந்தரம்னு மதினிகிட்ட சொல்லுலே" என்று வாசல்வரை வந்து அனுப்பினார்கள்.

அது குற்றாலத்தில் சாரல் காலம். உங்களைக் குளிக்கக் கூட்டிப் போன அன்று, அருவிக்குக் கீழே ஓடும் தண்ணீரில் அதை விட்டேன். துணியில் ஒட்டிய வரைபடம், கிழியவில்லை. பாறையில் போய் அப்பிக்கொண்டது. மிதித்து மிதித்துத் தள்ளினேன். "என்னத்தப்பா மிதிக்கீங்க?" என்று மூத்தவள் கேட்டாள். அழுக்குத் துணி என்றேன். மகளே, அது அழுக்குத் துணி இல்லை.

பெரியப்பா எட்டு நாள் ஒவ்வொரு கட்டாக அவிழ்த்துத் தேடினார்கள். ஒன்பதாம் நாள், 'என் கவனக்குறைவால் வரைபடம் தவறிவிட்டது' என்று மேலிடத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேலிடத்தார் அவர்களைப் பதிவறையிலிருந்து எடுத்துத் தபால் ஒட்டும் மேசையில் போட்டார்கள். கடைசிவரை அந்த மேசைதான்.

பெரியப்பா அதோடு விட்டார்களா? கிரயப் பத்திரத்தில் நிலத்துக்கு நான்கெல்லை எழுதுவது வழக்கமல்லவா? ஞாயிறுதோறும் அந்தப் பாதையை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள் வீட்டுக்கெல்லாம் போய், எல்லையில் பாதை என்று எழுதியிருந்ததைப் பிரதி எடுத்தார்கள். கடைசியாக நம் வீட்டுக்கு வந்தார்கள்.

"அப்பாவோட பத்திரத்தைப் பாக்கணும். பெட்டிச் சாவியைத் தா."

"பாத்து?"

"மாடசாமிக்கு எழுதிக் கொடுக்கணும். உன்னைக் கேட்டுத்தாம்லே எடுக்கேன். கேக்காம எடுக்குதது எனக்குப் பழக்கமில்ல."

சாவியைக் கொடுத்துவிட்டேன். 'சுடுகாட்டுப் பாதைக்குக் கிழக்கு' என்று நம் பத்திரத்திலேயே இருந்தது. பாதை திறந்தது. ஆனால் தெற்குத் தெருவாரின் ஊருணி ஒன்றும் அந்த வரைபடத்தில் இருந்ததாம். அதற்கு வேறு காகிதம் எங்கும் அகப்படவில்லை. இன்று அதைத் தூர்த்து யாரோ களம் போட்டுவிட்டார்கள். அந்தத் தெருப் பெண்கள் குடத்தோடு அலைவது என்னால்தான்.

பெரியப்பா படுக்கையில் கிடந்தபோது சொல்லிவிட வேண்டும் என்று போனேன். "கண்ணு அசருது, பொறவு பேசுவோம்லே" என்றார்கள். விடிந்ததும் போய்விட்டார்கள்.

ஆபீஸ் காகிதத்தில் அவர்கள் எழுதிய ஒரே பொய் அந்தக் 'கவனக்குறைவு'. அது இன்னும் அங்கே பத்திரமாக இருக்கிறது. பின்னால் எடுத்துப் பார்ப்பவர் அதைத்தான் நம்புவார். ஆகையால் நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டு, போன திங்கட்கிழமை அந்த ஆபீசில் கொடுத்தேன். "செத்தவருக்கு இனி இது எதுக்கு அண்ணாச்சி? வீட்டுக்குக் கொண்டு போங்க" என்றார் அதிகாரி. முத்திரை குத்தி வாங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். இனி என்ன வரும் என்று தெரியாது. பிள்ளைகளே, பள்ளிக்கூடத்தில் யாரேனும் இதைப் பற்றிக் கேட்டால், இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கடைசி நாட்களில் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும், அக்கம்பக்கத்தாருக்கும், ஒருநாளும் என்னை முகம் சுளித்துப் பார்க்காத மதினிக்கும் நன்றி. இறுதிச் சடங்கு அன்று தெற்குத் தெருவே திரண்டு வந்து நின்றது. மாடசாமி என் தோளைத் தொட்டு ஆறுதல் சொன்னார். அவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. இந்த மலரின் முதல் பிரதியை நானே அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வாசித்த பிறகும் என்னை உள்ளே கூப்பிட்டால், அவருக்கு அங்கே நன்றி சொல்லிக்கொள்வேன்.