சிலாபம் ஆஸ்பத்திரி வாங்கில் எனக்குக் கிடைத்த துணை

போன வருடம் தவக்காலம் தொடங்கிய கிழமை, கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தபோது என் இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. கச்சான் கடலை அளவுதான். நோகவில்லை. சவர்க்கார நுரையோடு அப்படியே நின்றேன். சகோதர சகோதரிகளே, அந்த நேரம் என் வாயில் முதலில் வந்தது சேசுவின் பெயர் அல்ல. "அக்கா" என்றுதான் வந்தது.

பள்ளிவாசல்துறையில் என் அக்கா றெஜினாவை உங்களில் பலருக்குத் தெரியும். கருவாட்டு வாடியில் அவள் சிரித்தால் கரைக்கு வந்துகொண்டிருக்கும் வள்ளத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கும். அப்படிப்பட்டவள் தன் மார்பில் வந்த கட்டியைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. புருஷனுக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. அது உடைந்து புண்ணாகிய பிறகுதான் நாங்கள் அறிந்தோம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். காலம் கடந்துவிட்டது என்றார்கள்.

கடைசி நாட்களில் அவளை நான்தான் துடைத்துவிடுவேன். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"ஊசி குத்திச் சதை எடுத்தா உடம்பு முழுக்கப் பரவும் எண்டு சொன்னாங்க, செல்வி. அந்தப் பயத்திலதான் போகல்ல."

அவள் போய்ச் சில வருடங்களுக்குப் பிறகு, இப்போது அதே இடத்தில் எனக்கும்.

நான் செபித்தேன். எப்படித் தெரியுமா? "ஆண்டவரே, நாளை விடியும்போது இது இல்லாமல் போக வேண்டும்" என்று. விடிந்ததும் தொட்டுப் பார்ப்பேன். இருக்கும். சமைக்கும்போது தொடுவேன், துணி காயப்போடும்போது தொடுவேன். தொட்டுத் தொட்டே தோல் சிவந்துபோனது. கோயிலில் சிலுவைப்பாதை நடக்கும். எல்லோரும் முழந்தாளிடுவார்கள், நானும் முழந்தாளிடுவேன். ஒரு வார்த்தையும் உள்ளே போகாது. அக்காவின் புண்தான் கண்ணில் நிற்கும்.

என் கணவர் அன்ரன் அதிகம் கதைக்கும் ஆள் இல்லை. ஆனால் நான் சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்புவதைக் கண்டுகொண்டே இருந்திருக்கிறார். ஒருநாள் வலையை வைத்துவிட்டு வந்து எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"என்னண்டு சொல்லு. சொல்லாம நான் எழும்ப மாட்டன்."

சொன்னேன். அவர் முகம் வெளுத்துப் போனது. பிறகு, "நாளைக்குக் கடலுக்குப் போகல்ல. புத்தளத்துக்குப் போவம்" என்றார்.

புத்தளத்தில் டொக்டர் கையால் பார்த்தார், ஸ்கேனும் பார்த்தார். "இது என்னண்டு பார்த்துச் சொல்ல ஏலாது. ஊசியால கொஞ்சம் சதை எடுத்துச் சோதிக்கணும், பயொப்சி" என்று சிலாபம் ஆஸ்பத்திரிக்குத் துண்டு தந்தார். பயொப்சி என்ற சொல்லை அன்றுதான் என்னைப் பற்றிச் சொல்லக் கேட்டேன். அக்கா பயந்த அதே ஊசி.

திகதி வரும் வரை நான் பட்டதைச் சொல்ல வார்த்தை இல்லை. பிள்ளைகள் ஏதும் கேட்டால் எரிந்து விழுந்தேன். செபமாலையைக் கையில் எடுத்தால் முதல் பத்து மணி தாண்டாது. நெஞ்சு படபடவென்று அடிக்கும், மூச்சு முட்டும். பெரிய செபம் ஒன்றும் முடியாமல் போனபோது, மூச்சை உள்ளே இழுக்கும்போது "சேசுவே" என்றும் விடும்போது "கூட இரும்" என்றும் மட்டும் சொல்லிப் பழகினேன். அது ஒன்றுதான் என்னைத் தூக்கிப் பிடித்தது.

சிலாபத்துக்கு பஸ்ஸில் போனோம். நடு வீதியில் கழுதைகள் நின்றதால் பஸ் நின்றது. இப்படியே திரும்பிப் போய்விட்டால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. பாலாவி உப்பளம் தாண்டும்போது என் செபம் மாறியது. கட்டி இல்லாமல் போகட்டும் என்று நான் கேட்கவில்லை. "ஆண்டவரே, உள்ளே நான் தனியாக இருக்க ஏலாது. யாரையாவது அனுப்பும்" என்று மட்டும் கேட்டேன்.

பெண்கள் இருக்கும் பகுதிக்கு ஆண்களை விடவில்லை. அன்ரன் கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே சுவரோரம் கிடந்த நீள வாங்கில் உட்கார்ந்திருந்தேன். தாதி வந்து சிங்களத்தில் ஏதோ சொன்னாள். சந்தையில் மீனுக்கு விலை பேசும் சிங்களம் எனக்கு நன்றாகவே வரும். அன்றைக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அப்போதுதான் பக்கத்தில் இருந்த பெண் என் கையைப் பிடித்தாள். கறுப்பு அபாயா போட்டிருந்தாள். கற்பிட்டியைச் சேர்ந்தவள், பெயர் நபீசா. என்னைவிட மூத்தவள், அதனால் முஸ்லிம் ஆட்கள் அக்காவைக் கூப்பிடுவதுபோலத் தாத்தா என்றுதான் கூப்பிட்டேன்.

"என்ன புள்ள, விளங்கல்லியா? அடுத்தது ஒங்களத்தான் கூப்பிடுவாங்களாம். அதத்தான் மிஸ் சொல்லிட்டுப் போறா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவின் கதையை அந்த வாங்கிலேயே சொல்லி முடித்தேன். குத்தினால் பரவுமாம் என்றும் சொன்னேன். தாத்தா என் கையை விடாமலே சொன்னாள்.

"எனக்கு ஒரு பக்கம் எடுத்தாச்சு புள்ள. எடுத்துப் பல வருசம், இடைக்கிடை காட்ட வாறேன். எனக்கும் இந்த ஊசிதான் குத்தினாங்க. பரவினா நான் இப்ப இங்க இருப்பனா? என்னப் பாருங்க. அல்லாஹ் கிருபையால ஈக்கிறேன்தானே."

நான் பார்த்தேன். அவள் முகத்தைத்தான் பார்த்தேன். என் நெஞ்சு அடங்கியது அந்த நேரத்தில்தான். நான் பஸ்ஸில் கேட்ட ஆள் இவள்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆண்டவர் ஆளை அனுப்பும்போது நம் கோயில் ஆளாகப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும் என்று சட்டம் இல்லை.

கூப்பிட்டார்கள். மொழி விளங்காது என்று தாத்தா சொல்லவும், தாதி அவளையும் உள்ளே விட்டாள். விறைப்பதற்கு ஒரு ஊசி போட்டார்கள். "டக் எண்டு ஒரு சத்தம் கேக்குமாம், அசைய வேணாமாம்" என்று தாத்தா காதில் சொன்னாள். அவள் உதடுகள் தன் துஆவை முணுமுணுத்தன, நான் என் சேசுவைக் கூப்பிட்டேன். டக் என்றது. திரும்பவும் இரண்டொரு தரம். பிறகு பஞ்சை வைத்து அழுத்தினார்கள்.

"முடிஞ்சுது புள்ள."

முடிந்துவிட்டதா? இவ்வளவுதானா? நான் வாய்விட்டு அழுதேன். நோகிறதா என்று டொக்டர் கேட்டார், தாதி கேட்டாள். இல்லை இல்லை என்று தலையை ஆட்டினேன். நோகாததற்காகத்தான் அழுதேன். எறும்பு கடித்த அளவுக்குக்கூட இல்லாத இந்த ஒன்றுக்குப் பயந்தா என் அக்கா உயிரை விட்டாள்? பக்கத்தில் இருந்து கையைப் பிடிக்க ஒருத்தி, தைரியமாக ஒரு வார்த்தை. அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அவள் சொல்லியிருந்தால் நான் போயிருப்பேன். இருட்டில் நடந்தென்றாலும் கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.

சில கிழமைகளில் முடிவு வந்தது. புற்று இல்லை. சாதாரணக் கட்டிதான், ஆனால் இடைக்கிடை வந்து காட்ட வேண்டும் என்றார்கள். அன்ரன் ஆஸ்பத்திரி வாசலிலேயே சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு சின்னப்பிள்ளை போல அழுதார். ஆண்டவருக்கு ஆயிரம் நன்றி. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருந்தால் இது உண்மையான சாட்சி ஆகாது. என் சந்தோசம் முழுதாக இல்லை. அன்று நேரே சேமக்காலைக்குப் போய் அக்காவின் கல்லறையடியில் இருந்தேன். நல்ல செய்தியை அவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்கும் நன்றி சொல்லும் செபத்தின் நடுவில் என் வாயில் அவள் பெயர் வந்துவிடும்.

இப்போது கட்டி என்று யாராவது காதோடு சொன்னால் நான் வீட்டு வேலையைப் போட்டுவிட்டுக் கூடப் போகிறேன். நபீசா தாத்தாவும் தன் ஊர்ப் பெண்களோடு வருவாள். நாங்கள் அந்த ஆஸ்பத்திரி வாங்கில் சந்தித்துக்கொள்வோம்.

இதைக் கேட்டுக்கொண்டு இருப்பவர்களில் ஒருத்தி சட்டைக்குள் ஒன்றை மறைத்துக்கொண்டு இருக்கலாம். தங்கச்சி, அது போய்விடட்டும் என்று மட்டும் செபித்துக்கொண்டு வீட்டில் இருக்காதே. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குப் பலம் தாரும் என்று கேள். அவர் தருவார், எனக்குத் தந்தார். பூசை முடிந்து எல்லோரும் போன பிறகும் நான் பக்கக் கதவடியில் நிற்பேன். வந்து ஒன்றும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. என் கையைப் பிடித்தால் போதும், எனக்கு விளங்கும்.