இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது, பட்டுப் புடவை வியாபாரமும் படுத்துவிடும். அப்படி ஓர் ஆடியில்தான் என் கணவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "ஒரு வாரம் எங்கியாவது போய்ட்டு வரலாம். பெங்களூரா, பம்பாயா? நீயே சொல்லுமா."

கல்யாணமாகி நான்கு வருஷத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து போயிருந்த தூரம் வாலாஜாபாத் வரைதான். அதுவும் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு. நீயே சொல்லு என்றதும் பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

பம்பாயில் என் அக்கா இருந்தாள். அம்மா போன பிறகு எனக்குத் தலை பின்னி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வளர்த்தவள். அவள் கணவருக்கு அங்கே மில்லில் வேலை. என் மூன்று வயது மகளை அவள் இன்னும் பார்த்ததே இல்லை. பதில் உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் அப்படிப்பட்டவள் இல்லை. பள்ளிக்கூடத்து நாட்களின் பழைய தேசப்படத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஏழு நாள் யோசித்தேன். பம்பாயில் அது மழைக்காலம், குழந்தைக்குச் சளி பிடிக்கும். பெங்களூரில் குளிர், அங்கேயும் பிடிக்கும். பம்பாய் ரயிலில் குழந்தைக்குப் பாலை எப்படிக் காய்ச்சுவது? டாக்டரிடம் போய்க் கேட்டேன். "ரெண்டு ஊர்லயும் குழந்தைங்க இருக்குதும்மா" என்றார். அதற்குப் பிறகுதான் தைரியம் வந்தது. "பம்பாய்" என்று சொன்னேன். அன்றைக்கே அக்காவுக்கு எழுதியும் போட்டேன். அநேகமாக வருவோம் என்றுதான் எழுதினேன்.

அடுத்த வாரமே பதில் வந்துவிட்டது. பக்கத்து அறைக்காரர்களிடம் ஒரு கட்டில் கேட்டு வைத்திருக்கிறாளாம். குழந்தைக்குப் பசும்பாலா, எருமைப்பாலா என்று கேட்டிருந்தாள்.

அந்தக் கடிதத்தை நான் வாசித்துக்காட்டியதும் மாமியார், "இவ்ளோ தூரம் பச்சைக் கொயந்தய தூக்கிக்கினு போறதுன்னா அம்மன்கிட்ட ஒரு வார்த்த கேக்க வேணாமா? வெள்ளிக்கெழம பூ கட்டிப் பாத்துடலாம்" என்றார். கணவர் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். அம்மனிடம் கேட்க வேண்டாம் என்று யாரால் சொல்ல முடியும்?

எங்கள் வீடுகளில் வழக்கம் இதுதான். ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்துக் கட்டி, அம்மன் படத்தின் முன்னால் வைத்துக் குழந்தையை ஒன்றை எடுக்கச் சொல்வோம். வெள்ளை நந்தியாவட்டை வந்தால் பெங்களூர், செவ்வரளி வந்தால் பம்பாய் என்று மாமியார் சொன்னார். அவரே கட்டினார். என் மகள் இடது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தால் நந்தியாவட்டை. "அம்மா வாக்கு குடுத்துட்டா" என்று மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன். அழுகை வந்தது, அம்மன் சொன்னதற்கு அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை பழைய பூவையெல்லாம் எடுத்துச் செடிக்கு அடியில் போடப்போனேன். அது என் வேலை. மற்றப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. சும்மாதான் பிரித்தேன். அதற்குள்ளும் நந்தியாவட்டை.

வாடி நிறம் மாறியிருக்குமோ என்று முதலில் நினைத்தேன். செவ்வரளி வாடினால் கறுக்குமே தவிர வெளுக்காது. கொல்லையில் போய் அரளிச் செடியைப் பார்த்தேன். முந்தின நாள் பூத்ததெல்லாம் கிளையிலேயே வதங்கி நின்றது. ஒன்றைக்கூட யாரும் பறிக்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியவில்லை. முடியாது என்று நேராகச் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன், அது எனக்குப் பழக்கம்தான். ஏழு நாள் யோசிக்க விட்டு, என்னையே சொல்ல வைத்து, அம்மனைச் சாட்சிக்கு இழுத்து, என் குழந்தையின் கையாலேயே என் அக்காவைத் தள்ளி வைத்தார்கள்.

மத்தியானச் சாப்பாட்டில் மாமியாரும் இருக்கும்போது பொட்டலத்தைக் கணவர் முன்னால் வைத்தேன். "பிரிச்சுப் பாருங்க."

பார்த்தார். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை. "அம்மா நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பாங்க. பெங்களூர்ல நூல் வாங்குற வேலயும் இருக்குது. டிக்கெட்டு செவ்வாக்கெழமயே எடுத்தாச்சு."

பூ கட்டிப் பார்த்தது வெள்ளிக்கிழமை.

"அப்போ என்னை எதுக்குக் கேட்டீங்க?"

மாமியார் குறுக்கிட்டார். "கேட்டதே பெரிசும்மா. எங்க காலத்துல எந்த ஊருக்குன்னே சொல்ல மாட்டாங்க, ரயில்ல ஏறின அப்புறந்தான் தெரியும்."

"திரும்பக் கட்டுவோம் அத்தை. இந்தத் தடவ நான் கட்டுறேன், நீங்க எடுங்க."

"சாமிகிட்ட ரெண்டாந்தடவ கேக்கக் கூடாதும்மா."

"மொதத் தடவ நாம கேக்கவே இல்லியே."

இரண்டு பேரும் மோருக்குக் காத்திராமல் இலையை விட்டு எழுந்துவிட்டார்கள். பெங்களூருக்கு நான் வரவில்லை என்று சொன்னேன். நம்பாமல் மூன்று நாள் காத்திருந்துவிட்டு, கணவர் தனியாகப் போய் நூல் வாங்கி வந்தார். எனக்கு ஒரு குடையும் வாங்கி வந்தார். அதை வெகுநாள் பிரிக்காமலே வைத்திருந்தேன்.

அக்காவுக்கு எழுதத்தான் கை வரவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று எழுதிக் கிழித்தேன். குழந்தைக்கு அப்படிச் சொன்னால் நிஜமாகவே வந்துவிடுமோ என்று பயம். டிக்கெட் கிடைக்கவில்லை என்று எழுதி அதையும் கிழித்தேன். கடைசியில் பூவைப் பற்றி உள்ளபடியே எழுதினேன். புகுந்த வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டேனோ என்று தபால் பெட்டி வரை போய்த் திரும்பி வந்து, மறுபடி போய்ப் போட்டேன்.

பத்து நாளில் ஒரு கார்டு வந்தது. மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, பூவைப் பற்றியும் இல்லை. கட்டிலை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை, பசும்பாலா எருமைப்பாலா என்று நீ இன்னும் எழுதவில்லையே என்று மட்டும் இருந்தது.

கணவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்து எழுதினேன்: பசும்பால், பாதி தண்ணீர் கலந்து.