ரப்பர் அக்காவின் இடது கை

சிகிச்சைக்கூடத்தின் நடைவழியில் அந்தப் பெண் குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் போய்க்கொண்டிருந்தாள். இடது முழங்கால் வலது காலை உரசியது. இடது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டியிருந்தது. பெஞ்சில் மகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்த தாய் சட்டென்று நிமிர்ந்தாள். அது தன் மகளின் நடை. தோளைத் தூக்கும் விதம்கூடத் தப்பவில்லை.

"என்னங்க, கிண்டல் பண்றீங்களா?" குரல் உயர்ந்துவிட்டது.

"ஐயோ இல்லம்மா. போட்டுப் பாக்கறேன். எங்க பிடிக்குதுன்னு தெரியாம எப்படி இளக்கறது?" என்றாள் அவள், சட்டை தைப்பவளைப் போல.

குழந்தைகள் அவளுக்கு வைத்த பெயர் ரப்பர் அக்கா. கதவில் 'இயன்முறை மருத்துவர்' என்று எழுதியிருந்ததை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. குழந்தையைத் தொடுவதற்கு முன் இரண்டு உள்ளங்கைகளையும் தன் பிடரியில் வைத்துச் சூடாக்கிக்கொள்வாள். குழந்தையை ஒருநாளும் திட்டமாட்டாள், உறுப்பைத்தான் திட்டுவாள். "ஏய் குதிகாலு, மேல என்ன வேடிக்கை? மரியாதையா எறங்கி வா!" விரிப்பில் கிடக்கும் குழந்தை குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும். சிரித்து ஓய்ந்து தசை அசரும் நேரம் பார்த்து, அவள் காலை நீட்டிவிடுவாள்.

மகளின் இடது கை பிறந்ததிலிருந்தே முஷ்டிதான். கட்டைவிரல் உள்ளே சிறைப்பட்டிருந்தது. குளிப்பாட்டும்போது விரல்களை நெம்பித்தான் உள்ளங்கையைத் துடைக்க வேண்டும். காட்டிய இடத்திலெல்லாம் கைவிரித்துவிட்டார்கள்.

மழைக்காலம் முழுக்க அக்கா அந்த முஷ்டியோடு மல்லுக்கட்டினாள். பிறகு ஒருநாள், சுவர்க்கண்ணாடியின் முன்னால், பந்தை நோக்கி நீண்ட கை தானாக விரிந்தது. ஐந்து விரலும். வெளிச்சமே காணாத உள்ளங்கை வெளுத்துப்போய்க் கிடந்தது. தாய் வாய்விட்டு அழுதாள்.

"அக்கா, பாருங்க! அக்கா!"

அக்கா கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இடது கை நெஞ்சோரம் மடங்கியிருந்தது. கட்டைவிரல் உள்ளே.

"சும்மா போட்டுப் பாக்கறீங்களா?"

"ஆமாமா," என்றாள் அக்கா, கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமல்.

அடுத்த முறை அவர்கள் வந்தபோது அக்கா கதவை முழங்கையால் திறந்தாள். தண்ணீர் பாட்டிலின் மூடியைப் பல்லால் திருகினாள். வீட்டிலோ, மகள் இடது கையால் சுவிட்சைத் தட்டினாள், தட்டைப் பிடித்தாள், அம்மாவின் மூக்கைத் திருகினாள். தாய்க்கு அக்காவிடம் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"வலிக்குதாக்கா?"

"வலியெல்லாம் இல்லம்மா. உள்ளருந்து யாரோ இறுக்கிப் பிடிச்சிட்டு இருக்கற மாதிரி இருக்கு. சின்னக் கை."

"டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?"

"காட்டுனேன். ஒண்ணுமே இல்லங்கறாரு." அக்கா விரிப்பில் பந்தை உருட்டிக்கொண்டிருந்த குழந்தையின் விரல்களைப் பார்த்தாள். "கொஞ்சம் பலமா இழுத்தாப் பிரிஞ்சிடும்னுதான் தோணுது. இழுக்கத்தான் மனசு வரல."

தாய் சட்டென்று மகளின் இடது கையைத் தன் இரு கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள். செய்த பிறகுதான் வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் விடவில்லை.

அவர்கள் கிளம்பும் நேரத்தில் புதிதாக ஒரு தகப்பன் உள்ளே வந்தான். தோளில் கிடந்த குழந்தையின் தலை நிற்காமல் வலப்பக்கம் துவண்டு தொங்கியது.

"கழுத்து நிக்கவே மாட்டேங்குதுங்க. எங்கெங்கயோ போயிட்டோம்."

"உக்காருங்க. அவசரமே இல்ல."

தாய் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். வேண்டாம் அக்கா என்று சொல்ல வாய் எடுத்தாள். மகளின் இடது கையை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டாள். ரப்பர் அக்கா குழந்தையின் கண்ணுக்கு நேராக முட்டி போட்டு உட்கார்ந்தாள். தகப்பன் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டே, மெல்ல, மிக மெல்ல, தன் தலையை வலது தோளில் சாய்த்தாள்.