சிறு பிள்ளைகளின் பாயில் அண்ணன்

அண்ணன் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஒரு வருடம் ஆகிறது. இந்தச் சபை மலரில் அவரைப் பற்றி யார் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது அண்ணி என்னைத்தான் பார்த்தார். "நீதான் எழுதணும். நீதானே அவங்களுக்கு டீச்சர்."

நாகர்கோவில் பக்கமிருந்து பிழைக்க வந்த எங்கள் பெற்றோருக்கு மூத்த மகனாக அண்ணன் கொச்சி மட்டாஞ்சேரியில் பிறந்தார். அப்பா சுக்குக் கிடங்கில் மூட்டை சுமந்தார். அவர் காலமானதும் அண்ணன் பள்ளியை விட்டுவிட்டு அதே கிடங்கில் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தில்தான் தங்கை நான் ஊரில் பெரியம்மா வீட்டில் தங்கித் தமிழ் படித்துத் திரும்பினேன். அண்ணன் படித்ததெல்லாம் மலையாளம். தமிழ் பேசுவார், எழுத்து தெரியாது.

தொண்ணூறுகளில் எங்கள் சிறிய தமிழ்ச் சபைக்கு ஊழியர் இல்லாமல் போயிற்று. ஊழியத்துக்குத் தன்னைக் கர்த்தர் அழைக்கிறார் என்று அண்ணன் நெடுநாளாகச் சொல்லி வந்தார். ஒரு ஞாயிறு பிரசங்கிக்கச் சொன்னார்கள். மலையாள வேதத்தைப் பார்த்து அங்கங்கே தமிழாக்கிப் பேசினார். கட்டட வேலைக்குப் புதிதாக வந்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆராதனை முடிந்ததும் சபை மூப்பர் எல்லார் முன்னிலையிலும், "தமிழ் படிச்சிட்டு வாங்க தம்பி, பிறகு பார்க்கலாம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணனோ, "சரிங்க ஐயா" என்றார்.

அடுத்த வாரம் நான் நடத்தும் ஞாயிறு பள்ளிக்கு வந்து, சிறு பிள்ளைகளின் பாயில் சிலேட்டோடு உட்கார்ந்துவிட்டார். அவரைத் தனியே அழைத்து, "வீட்டுல வச்சு சொல்லித் தரட்டுமா அண்ணே, இங்க எதுக்கு?" என்றேன்.

"வீட்டுல நான் உனக்கு அண்ணன். எனக்கு கெத்து வந்துரும் மோளே. இவிட இருந்தாதான் படிப்பேன்."

பிள்ளைகளோடு பிள்ளையாகத்தான் இருந்தார். மனப்பாட வசனம் சொல்லி வாங்கிய மிட்டாயைத் தின்னாமல் கொண்டுபோய் அண்ணியிடம் காட்டுவார். கிடங்குக்கு லோடு வந்துவிட்டதென்று ஆள் வந்து நின்றால், பிள்ளைகள் செய்வது போலவே கையைத் தூக்கி, "டீச்சரே, போகட்டா?" என்று கேட்பார். "போயிட்டு வாங்க" என்று நான் சொன்ன பிறகுதான் எழுந்திருப்பார். அந்தக் குரலுக்காக இன்று எவ்வளவு ஏங்குகிறேன் என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் தட்டுத் தடுமாறித் தமிழ் வாசிக்கத் தொடங்கி வெகுநாள் கழித்து, அந்த மூப்பரே அவரை ஊழியத்துக்கு முன்மொழிந்தார். அதன்பின் தோப்பும்படியிலும் வைப்பின் தீவிலும் நம் ஆட்கள் தங்கும் அறைகளுக்கெல்லாம் போய் வந்தார். எழுதப் படிக்கத் தெரியாததை மறைத்து, வேதப் புத்தகத்தைத் திறந்து வைத்துச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர்கள் அங்கே உண்டு. அண்ணன் அவர்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "நானும் தல நரைக்கத் தொடங்கின பெறவுதான் பாயில இருந்து படிச்சேன்" என்பார். அவர்களும் உடனே சிரித்துவிட்டு விரல் வைத்துப் படிக்க ஆரம்பிப்பார்கள். அந்தப் பாயில் உட்காராத ஊழியராக இருந்திருந்தால் அவர்கள் வாயைத் திறந்திருப்பார்களா? அன்று எனக்கு அவமானமாகத் தெரிந்ததுதான் அண்ணனின் வேதபாடசாலை என்பது எனக்குப் பிந்தியே புரிந்தது.

கிடங்குத் தூசி அண்ணனின் நெஞ்சில் தங்கி நோயாயிற்று. ஆஸ்பத்திரியில் முறை வைத்துக் காவலிருந்த கிடங்குச் சேட்டன்மாருக்கும், வைப்பினிலிருந்து போட்டில் கஞ்சி கொண்டுவந்த சகோதரிகளுக்கும், முழங்காலில் நின்ற சபையாருக்கும் எங்கள் குடும்பம் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணியையும் பிள்ளைகளையும் உங்கள் ஜெபத்தில் தொடர்ந்து தாங்குங்கள்.

கடைசி நாள் காலையில் நான் கட்டிலருகே இருந்தேன். அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்துக் கையைக் கொஞ்சம் தூக்கினார்.

"டீச்சரே, போகட்டா?"

"வேண்டாம் அண்ணே, இருங்க" என்றேன். டீச்சர் சொல்லை அண்ணன் மீறியது அந்த ஒரு முறைதான்.