துணைக்கு வந்தவள்

என் தங்கை கமலாட்சியைப் பற்றி இந்த ரங்கூனில் யாரைக் கேட்டாலும் நல்லபடியாகத்தான் சொல்வார்கள். கைராசிக்காரி, சிரித்த முகம், அவள் பக்கத்தில் இருந்தால் பிள்ளை சுகமாகப் பிறக்கும் என்பார்கள். நானும் சொல்கிறேன். என் வாயால் சொன்னால் கொஞ்சம் கசக்கும், அவ்வளவுதான். கூடப்பிறந்தவளைப் பார்த்து வயிறெரிவது பாவம் என்று எனக்கும் தெரியும். இருந்துவிட்டுப் போகட்டும், எரிகிற வயிறு என்னுடையது.

அவள் கதையை என்னிடமிருந்துதான் தொடங்க வேண்டும். ஏனென்றால் நான் மூத்தவள், கனகாம்பாள். எங்கள் அப்பா இராமையா போட்டாதாங் துறைமுகப் பக்கம் ஓர் அரிசிக் கிட்டங்கியில் மூட்டை எடை பார்க்கும் வேலையில் இருந்தார். கல்யாணமாகி இங்கே வந்த அம்மா முதல் தடவை முழுகாமல் இருந்தபோது, தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று அழைத்துப்போக ஆள் வந்துவிட்டது. அம்மா கப்பலேறி நாகப்பட்டினம் போனாள். நான் அங்கே பிறந்தேன். தாய்மாமன் வெள்ளி அரைஞாண் கொண்டுவந்தார், தெருவுக்கே சர்க்கரை கொடுத்தார்கள். மூன்றாம் மாதம் என்னைத் துணியில் சுற்றிக்கொண்டு அம்மா திரும்பக் கப்பலேறினாள். அதற்குப் பிறகு அந்த ஊரை நான் கண்ணால் கண்டதில்லை.

கமலாட்சி இரண்டாவது. இரண்டாவதற்கு யார் கப்பலேறுவார்கள்? கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீட்டில் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தபோது அம்மாவுக்கு வலி எடுத்தது. அப்பா கிட்டங்கியில் இருந்தார். பக்கத்து வீட்டு பர்மாக்காரி டோ மியா ஓடிவந்து பேறு பார்த்தாள். குழந்தைக்குச் சேனை வைக்கக்கூட வீட்டு மனுஷர் யாரும் இல்லாமல், அவளே பனைவெல்லத்தைக் கரைத்து நாக்கில் தடவினாளாம். அடுப்பில் சோறு அடிப்பிடித்துப் போயிற்று. என் பிறப்பைப் பற்றி அம்மா பேச ஆரம்பித்தால் அரை நாள் ஓடும். கமலாட்சி பிறந்த கதை அந்தச் சோற்றோடு முடிந்துவிடும்.

சண்டை வந்தால் நான் கடைசியாக எடுக்கிற ஆயுதமும் அதுதான்.

"நான் ஊர்ல பொறந்தவடி. நீ அடிப்பிடிச்ச சோத்துக்குப் பொறந்தவ."

அவள் மூக்கு விடைக்கும், கண் கலங்கும். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். வெளியே போனால் எங்களுக்குள் எந்த வித்தியாசமும் கிடையாது. இரண்டு பேரும் பர்மாக்காரிகளைப்போல் கன்னத்தில் தனகா மரச்சாந்து பூசினோம், ஒரே கடையில் மீன்சாறு ஊற்றிய மொகிங்கா வாங்கித் தின்றோம். பர்மாக்காரர்கள் இரண்டு பேரையும் 'கலாமா' என்றுதான் கூப்பிட்டார்கள். இந்தியாக்காரி என்று அர்த்தம். பர்மியப் பேச்சில் மட்டும் நான் அவளைவிடக் கெட்டி. அவள் பேசினால் தமிழ் வாடை அடிக்கும். இதைப் பின்னால் நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குக் கல்யாண வயது வந்த நாட்களில் சட்டசபையில் ஒரே பேச்சாக இருந்தது. வெளியிலிருந்து வருகிறவர்கள் பெருத்துவிட்டார்கள், கப்பலில் வந்து இறங்குகிறவர்களுக்குத் தலைவரி போட வேண்டும், இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கே வேலை கொடுக்க வேண்டும் என்றெல்லாம். அப்பா தேநீர்க் கடையில் கேட்டுவந்து வீட்டில் சொல்வார்.

"கப்பல்ல வர்றவனுக்குத்தானே? நமக்கென்ன வந்திச்சு" என்பாள் அம்மா.

நானும் அப்படித்தான் நினைத்தேன். கப்பலில் வந்தவள் என்று என்னை நானே ஒருநாளும் நினைத்தது கிடையாது.

அப்போதுதான் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்த பெண் ஒருத்தியை மருத்துவச்சி வேலைக்குப் பழக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மிஷன் பள்ளியில் ஏழாவது வரை நாங்கள் இருவரும் படித்திருந்தோம். எனக்கு அந்த வேலை மேல் கொள்ளை ஆசை. வெள்ளை உடுப்பு, கறுப்புச் சப்பாத்து, நாலு பேர் நர்ஸம்மா என்று கூப்பிடுவது. பல நாள் அப்பாவிடம் மன்றாடி உத்தரவு வாங்கினேன். தனியாக அனுப்பமாட்டேன் என்று அம்மா சொன்னதால் கமலாட்சி துணைக்கு வந்தாள். மழை பெய்தது. என் குடையை அவள் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மாள். பேச்சை மாற்றிச் சொல்வதற்கு மக்தலேனா என்கிற தமிழ் நர்ஸம்மா. படிப்பைப் பற்றிக் கேட்டார்கள், சொன்னேன். பர்மியத்தில் பேசச் சொன்னார்கள். பேசினேன் பாருங்கள், அந்த வெள்ளைக்காரி புருவத்தை உயர்த்தினாள். வேலை எனக்குத்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"எங்க பொறந்தீங்க?" என்று கேட்டாள் மக்தலேனா.

அடடா! எத்தனை வருஷமாக இப்படி ஒருவர் மரியாதையாகக் கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நாகப்பட்டினத்துலங்க. எங்கம்மா வீட்டுல. தலைப்பிரசவம் பாருங்க, எங்க தாய்மாமா வெள்ளியில அரைஞாண் செஞ்சுட்டு வந்தாங்க…"

மக்தலேனா கண்ணால் ஜாடை காட்டினாள். எனக்கு ஜாடை புரிந்தால்தானே! இன்னும் விவரம் வேண்டும் போலிருக்கிறது என்று மாமாவின் பெயரையும் தெருவின் பெயரையும் சேர்த்துச் சொன்னேன். வெள்ளைக்கார அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"இந்த மாகாணத்துல பொறந்தவங்களுக்குத்தான் எடமாம்மா" என்றாள் மக்தலேனா மெதுவாக.

"மூணாம் மாசமே இங்க வந்துட்டேனே!"

"வந்தேன்னுதானே நீங்களே சொல்றீங்க."

எனக்குக் காதெல்லாம் சூடேறிவிட்டது. அந்த நேரம் பார்த்து வெள்ளைக்காரி வாசல் பக்கம் கையைக் காட்டி யார் என்று கேட்டாள். என் தங்கை, துணைக்கு வந்தவள் என்றேன். அவளை உள்ளே கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டார்கள். கமலாட்சி முகம் சிவந்து என்னைப் பார்த்தாள். அடிப்பிடித்த சோற்றை நான் அங்கேயும் இழுப்பேன் என்று பயந்தாள் போல.

"இங்கதாங்க. போட்டாதாங்ல, லைன் வீட்டுல" என்று திருடி அகப்பட்டவளைப்போல முனகினாள்.

அவ்வளவுதான். அவளுடைய பர்மியப் பேச்சை யாரும் சோதிக்கவில்லை. குடை பிடித்துக்கொண்டு வந்தவள் வேலையோடு திரும்பினாள். வேலைக்கு வந்தவள் குடையோடு திரும்பினேன்.

வழியில் அவள், "ஒனக்கு வருத்தம்னா நான் போகலக்கா" என்றாள். எனக்கு அதுதான் இன்னும் எரிந்தது. எனக்கு வரவேண்டியதை எனக்கே தானம் செய்கிறாளாம்! "போ, போய்த் தொல" என்றேன். போனாள். ஆஸ்பத்திரி விடுதியிலேயே தங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வெள்ளை உடுப்போடு வீட்டுக்கு வருவாள். அவள் சப்பாத்துச் சத்தம் தெருமுனையில் கேட்கும்போதே எனக்குத் தலைவலி வந்துவிடும். அக்கம்பக்கத்துப் பெண்கள் நர்ஸம்மா நர்ஸம்மா என்று மொய்ப்பார்கள். அவள் ஒரு நாள்கூட என்னைப் பார்த்து, நான் இங்கே பிறந்தவள் என்று சொல்லிக்காட்டியதில்லை. சொல்லியிருந்தால் நாலு வார்த்தை கேட்டு ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டிருப்பேன். அதற்கும் இடம் கொடுக்கவில்லை, பாதகத்தி.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆயிற்று. என் வீட்டுக்காரர் வடிவேலுக்கு ரங்கூன் ஓரத்தில் தின்கன்ஜூனில் சின்னச் சில்லறைக் கடை. அவரும் பையனாக இருக்கும்போது தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தவர்தான். கடையில் உட்கார்ந்து பத்திரிகையை உரக்கப் படிப்பார். வெளியிலிருந்து வந்தவன் குற்றம் செய்தால் நாட்டை விட்டே அனுப்பிவிடலாம் என்று சட்டம் ஆகிவிட்டதையும் அப்படித்தான் படித்துச் சொன்னார்.

"தராசுல கை வைக்காத வரைக்கும் நமக்குப் பயமில்ல கனகு" என்று சிரித்தார்.

அவருக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு வரவில்லை. அப்பாவுக்கு மூச்சிரைப்பு வந்து வேலை செய்ய முடியாமல் அவரும் அம்மாவும் நாகப்பட்டினத்துக்கே போய்விட்டார்கள். அதற்கு அடுத்த வருஷம் நான் முழுகாமல் இருந்தேன். தெரிந்த அன்றே மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்: என் பிள்ளை இங்கேதான் பிறக்கும். எங்கே பிறந்தாய் என்று எவள் கேட்டாலும் என் பிள்ளை ஒரே வார்த்தையில் பதில் சொல்ல வேண்டும்.

ஏழாம் மாதம் அம்மா வந்து இறங்கினாள். வளையல் பெட்டியும் பலகாரமுமாக, டெக்கில் படுத்து வாந்தியெடுத்து வந்திருந்தாள். எதற்கு? என்னைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போக.

"மொத பேறு அங்கதான்டி. நானும் அந்த உள்ளறையிலதான் பொறந்தேன், நீயும் அங்கதான் பொறந்த" என்றாள்.

"அந்த உள்ளறைதாம்மா என்ன வெளியூர்க்காரி ஆக்கிச்சு! எம்புள்ளைக்கும் அதச் செய்யணுமா?"

"ஒன்ன மொறையாப் பெத்தது என் குத்தமா?" என்று அம்மா அழுதாள். அந்த அழுகை எனக்குத் தாங்காது. ஒரு வாரம் முறுக்கிக்கொண்டு நின்றேன். கடைசியில் சரி என்று சொல்லித் தொலைத்தேன். வடிவேல் போய்க் கப்பல் டிக்கெட் எடுத்துவந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கமலாட்சி வந்தாள். டிக்கெட்டைப் பார்த்தாள்.

"நல்லதுதான். போயிட்டு வாக்கா" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! "ஏன் சொல்லமாட்ட? எம்புள்ளையும் கப்பல்ல வந்ததாவே இருக்கணும், நீ ஒருத்தி மட்டும் ரங்கூன்காரியா மினுக்கணும், அதானே? பொறாமைடி ஒனக்கு!"

பொறாமைக்காரி யார் என்று எனக்குத் தெரியாதா? வாய் முந்திக்கொண்டது. அவள் சிரித்துவிட்டுப் போவாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஆமாக்கா. பொறாமைதான். இன்னிக்கு நேத்திக்கு இல்ல. ஒன்னப் பெக்கறதுக்கு அம்மா கப்பல் ஏறினாங்க. ஒம்புள்ளைக்காக இப்பவும் கப்பலேறி வந்திருக்காங்க. எனக்காக இந்த ஆத்துல ஒரு படகுகூட ஏறினதில்ல. நான் பொறந்தப்ப யாருமே மெனக்கெடல. அந்த ஒண்ணாலதான் எனக்கு அந்த வேலை கெடச்சிது. அதுவும் ஒனக்குக் கண்ண உறுத்துது."

கடைப்பக்கம் இருந்த வடிவேல்கூட எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார். அம்மா எழுந்து போய்க் கமலாட்சியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள்.

"அன்னிக்குச் சோறு ஏன் அடிப்பிடிச்சுதுன்னு தெரியுமாடி? எறக்கட்டுமான்னு டோ மியா ரெண்டு தரம் கேட்டா. என் காதுலயே விழல. ஒன்ன மடியில போட்டு ஒம்மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். வீடெல்லாம் கருகல் நாத்தம். நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

கமலாட்சி அம்மா மடியில் கவிழ்ந்து அழுதாள். அந்த இஸ்திரி போட்ட வெள்ளை உடுப்பெல்லாம் கசங்கிப்போயிற்று. அம்மாவும் அழுதாள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்பவள் நான், தலைப்பிரசவம் எனக்கு, அழுகையோ அவளுக்காக! என் பிறப்பை அரை நாள் சொல்வாளே அம்மா, அதில் எங்கேயாவது ஏதாவது அடிப்பிடித்ததா? அரைஞாண் உண்டு, சர்க்கரை உண்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததாக ஒரு வார்த்தை கிடையாது. சத்தியமாகச் சொல்கிறேன், வேலை போன அன்றுகூட என் நெஞ்சு அப்படிக் கொதிக்கவில்லை.

வெகுநேரம் கழித்து அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு குரல் கொடுத்தாள்.

"மாப்ளே, அந்த டிக்கெட்டத் திருப்பிக் குடுத்துட்டு வாங்க. இவ கையிலயே பொறக்கட்டும்."

என் பிள்ளை இங்கே பிறக்க வேண்டும் என்று நான் தலைகீழாக நின்று கேட்டேன், நடக்கவில்லை. கமலாட்சி அழுதாள், நடந்துவிட்டது. நினைத்தது நடந்த சந்தோஷத்தைக்கூட அவள் எனக்கு முழுசாகக் கொடுக்கவில்லை.

அதே ஆஸ்பத்திரியில்தான் பிரசவம். நான் நடமாட ஆசைப்பட்ட இடத்தில் நான் கட்டிலில் கிடந்தேன், அவள் நடமாடினாள். வலியில் நான் என்னவெல்லாமோ திட்டினேன். "திட்டுக்கா, நல்லாத் திட்டு, அப்பதான் சீக்கிரம் வரும்" என்று இடுப்பைத் தேய்த்துவிட்டாள். ஊர் சொல்வது பொய்யில்லை. அவளுக்குக் கைராசி உண்டு. பெண் குழந்தை, சுகமாகப் பிறந்தது. அம்மா சர்க்கரைத் தண்ணீரைக் கலந்து, சேனையை நீயே வை என்று கமலாட்சியிடம் கொடுத்தாள்.

பதிவு எழுதிக்கொள்ள மக்தலேனா வந்தாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரிந்ததோ என்னவோ, குனிந்த தலை நிமிராமல் கேட்டாள்.

"கொழந்த பொறந்த எடம்?"

"ரங்கூன்" என்றாள் கமலாட்சி. அன்றைக்கு முனகியவள் இன்று அந்த வார்டுக்கே கேட்கும்படி சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"தாய் பொறந்த எடம்?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நாகப்பட்டினம்" என்று நானே சொன்னேன். இந்தத் தடவை அரைஞாண் வரைக்கும் போகவில்லை.

மக்தலேனா எழுதிக்கொண்டு போனாள். பக்கத்தில் கிடந்த என் மகளைப் பார்த்தேன். இன்னும் கண்ணைக்கூடச் சரியாகத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை பர்மியம் தெரியாது, போட்டாதாங் எந்தத் திசை என்று தெரியாது. ஆயுசெல்லாம் இந்த ஊரிலேயே கிடந்த எனக்குக் கிடைக்காதது அவளுக்குக் கேட்காமலே கிடைத்துவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. எரியட்டும் என்று அவளைத் தூக்கி மடியில் போட்டுப் பால் கொடுத்தேன்.