விக்கிய டிவிடி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். மலைமேல் இருக்கும் செம்மேட்டில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவளுக்கு அது ஆகாத குணம்தான். பட்டா நகல், சாதிச் சான்று, ஸ்கூல் விண்ணப்பம் என்று நாள் முழுக்க ஆட்கள் வருவார்கள். கரெண்ட் போகும், நெட் போகும், கூடவே என் பொறுமையும் போகும்.

எங்கள் மலையிலேயே சில ஊர்கள் சேர்ந்த குண்டனி நாட்டிலிருந்து அந்த அக்கா முதலில் வந்தது ஒரு சந்தை நாள் சாயங்காலம். துணிப்பைக்குள் ஒரு துண்டு, துண்டுக்குள் பிளாஸ்டிக் உறை, அதற்குள் ஒரு டிவிடி. அவருடைய கல்யாண வீடியோ. மிளகு பறிக்க மரம் ஏறிய கணவர் தவறி விழுந்து இறந்தபோது மகளுக்கு ஒரு வயது. அவள் இப்போது நாமக்கல்லில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். அதற்கு முந்தின வாரம் போனில், "அப்பா எப்படிம்மா பேசுவாரு?" என்று கேட்டிருக்கிறாள்.

கல்யாண வீடியோவில் முழுக்கச் சினிமாப் பாட்டுத்தானே ஓடும், பேச்சுக்கு எங்கே போவது என்றேன். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் ஓர் இடத்தில் அவர் பேசியது அப்படியே விழுந்திருக்கிறது என்றார். வேறு எங்கேயும் அவர் குரல் இல்லை. வீட்டிலிருந்த டிவிடி பெட்டி கெட்டுப்போய் வருஷக்கணக்காகிறது. அந்த இடத்தை மட்டும் போனில் ஏற்றித் தந்தால் போதும்.

போட்டேன். படம் கொஞ்சம் ஓடி உறைந்தது. நகல் எடுக்கப் பார்த்தால் பாதியில் நின்றது. டிரைவின் லென்ஸைத் துடைத்தேன், கேபிளைக் கழற்றி மாட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. "கீறல் விழுந்திருக்குங்க்கா, பத்திரமா வெச்சிருக்க வேண்டாமா?" என்று சொல்லிவிட்டேன். அவர் டிவிடியைத் துண்டில் சுற்றிக்கொண்டார். விட்டுவிட்டுப் போங்கள், காலையில் நிதானமாகப் பார்க்கிறேன் என்றதற்கும் சம்மதிக்கவில்லை. அதை ஒரு ராத்திரிகூட வெளியே வைத்ததில்லையாம்.

மறுநாள் காலை என் பழைய டிவிடி ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். அலுங்காமல் ஓடியது. ஆகவே குற்றம் அவருடையதுதான் என்று எனக்குள் தீர்ப்பும் எழுதிவிட்டேன். ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. கீறல் என்றால் எப்போதும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அது ஒரு தடவை மாலை மாற்றும்போது நின்றது, இன்னொரு தடவை பந்தியில் நின்றது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது ஆத்திரக்காரிக்கும் சேர்த்துத்தான்.

அடுத்த சந்தை நாள் சாயங்காலமும் வந்தார். மனசு கேட்காமல் சேலத்திலிருந்து புது டிரைவ் வரவழைத்து மாட்டி வைத்திருந்தேன். அதுவும் திணறியது. இனிமேல் என்னால் ஆகாது என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். வெளியே பனி இறங்கித் தூறிக்கொண்டிருந்தது, பஸ்ஸுக்கு நேரமிருந்தது. அவர் எழுந்து போகாமல் பின் ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னார்.

"ஏனுங்க, வெளிய அந்த வேலி டிக்குனு அடிக்கறப்பல்லாம் உங்க பொட்டியும் விக்குதுங்களே."

காது கொடுத்துக் கேட்டேன். ஜன்னலுக்குப் பின்னால் மரவள்ளிக் காடு. காட்டுப்பன்றி வராமலிருக்க அதைச் சுற்றிப் பேட்டரி வேலி. பட்டால் சுரீரென்று ஓர் அடி விழும். பன்றி சாகாது, ஓடிவிடும். அந்த அடியை அனுப்பும் பெட்டி நொடிக்கு ஒரு தரம் டிக் என்னும். அக்காவின் காட்டிலும் அதே மாதிரி வேலிதானாம். எனக்கோ பழகிப்போய் அந்தச் சத்தம் காதில் விழுவதே நின்றிருந்தது. பனி இறங்கினால் பன்றி சீக்கிரமே வந்துவிடும் என்று காட்டுக்காரர் சாயங்காலம் நாலு மணிக்கே வேலியைப் போட்டுவிடுவார், விடிந்ததும் நிறுத்திவிடுவார். காலையில் என் டிவிடி ஒழுங்காக ஓடியதற்கு அதுதான் காரணம்.

வேலியின் அடி என் கடைக்குள் வர வழி விட்டவளும் நான்தான். எங்கள் பக்கம் இரண்டடி தோண்டினால் பாறை. கடைக்கு எர்த் குழி எடுக்கவே மூன்று நாள் ஆனது. கரியும் உப்பும் போட்டு மூடினோம். வேலிக்கும் நல்ல எர்த் வேண்டும். எதற்கு இன்னொரு பாறையை உடைப்பது என்று காட்டுக்காரர் தம் கம்பியையும் என் குழியில் கட்டிக்கொள்ளக் கேட்டார். குழி காயாமல் தினம் ஒரு குடம் தண்ணீர் தாமே ஊற்றுவதாகச் சொன்னார், ஊற்றவும் செய்தார். நல்ல ஏற்பாடு என்று தலையாட்டினேன். அந்தக் குழி வழியாக வேலியின் ஒவ்வொரு அடியும் கம்ப்யூட்டருக்குள் ஏறி, டிவிடியைப் படிக்க விடாமல் செய்திருக்கிறது. அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

நான் வாய் திறக்குமுன் அவரே முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு காட்டுக்காரரிடம் போனார். விஷயத்தைக் கேட்டதும் அவர் மறுபேச்சில்லாமல் வேலியை நிறுத்தினார். நகல் எடுத்து முடியும்வரை, பன்றி வந்துவிடாமல், ஒரு தகர டப்பாவைத் தட்டிக்கொண்டே தூறலில் காட்டைச் சுற்றி நடந்தார். உள்ளே டிரைவ் ஒரு விக்கல்கூட இல்லாமல் ஓடி முடித்தது. மறுநாளே கம்பியை அவிழ்த்து, காட்டின் அந்தக் கடைசியில் ஓடையோரத்து ஈரத்தில் தனியாக எர்த் அடித்துக்கொண்டார். என் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதை மட்டும் இன்றுவரை நிறுத்தவில்லை.

நகல் எடுத்த அன்றைக்கு, கணவர் பேசும் இடத்தை அக்காதான் கண்டுபிடித்துக் கொடுத்தார். பந்தியில் பாட்டு முடிந்தது. இலைக்கு முன்னால், கழுத்தில் மாலையோடு, ஒல்லியான மாப்பிள்ளை. சோற்றில் கை வைக்கப்போனவர் நிமிர்ந்து, வீடியோ எடுப்பவரிடம் கேட்டார்.

"ஏனுங்க, நீங்க சாப்டீங்களா? வந்ததுல இருந்து நின்னுக்கிட்டே இருக்கறீங்க."

அவ்வளவுதான், அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது. அந்த இடத்தை அவர் போனில் ஏற்றினேன். அக்கா அதைக் காதோடு வைத்து இன்னொரு தரம் கேட்டார். பிறகு மகளுக்கு அனுப்பித் தரச் சொன்னார். அவர் அழவில்லை, எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது. இரண்டு சந்தை நாள் என் கடையில் காத்துக் கிடந்த மனுஷியை நான் ஒரு வாய் டீ குடிக்கிறீர்களா என்று கேட்டிருக்கவில்லை.

பஸ் ஹாரன் கேட்டது. அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அடுத்த பஸ்ஸுல போலாங்க்கா. சாப்டுட்டுப் போங்க."